விட்டுக்கொடுக்கும் அப்பா

“இந்த வாரமும் நீங்கதான் தோத்தீங்களா சார்?” என்று கேட்டாள் தெரபிஸ்ட். கேட்ட விதத்தில் சிரிப்பு பாதி, கடுப்பு பாதி.

பாயில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தட்டு நிறைய பாசிமணி. சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கிண்ணத்தில் போட வேண்டும். சிட்டுவின் கிண்ணம் நிறைந்து வழிந்தது. அப்பாவின் கிண்ணத்தில் அடி மறைகிற அளவுக்குக்கூட மணி இல்லை.

“என்ன பண்றது மேடம், என் பொண்ணு புலியாச்சே” என்று சொல்லி, அப்பா நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

எழுதத் திணறும் பிள்ளைகளுக்கு விரல், மணிக்கட்டு, தோள் என்று ஒவ்வொன்றாகப் பழக்கிவிடுவது தெரபிஸ்டின் வேலை. களிமண் பிசைய வைப்பாள். துணி கிளிப்பைக் கயிற்றில் மாட்ட வைப்பாள். பென்சிலைக் கடைசியில்தான் கையில் கொடுப்பாள். கூட வரும் அம்மாவோ அப்பாவோ சேர்ந்து விளையாட வேண்டும் என்பது அங்கே சட்டம். அப்போதுதான் பிள்ளைகள் முரண்டு பிடிக்காது. பல அப்பாக்கள் போன் வந்த சாக்கில் நைஸாக நழுவிவிடுவார்கள். சிட்டுவின் அப்பா ஒருவர்தான் ஒரு விளையாட்டையும் விடாமல் ஆடினார். வீட்டிலும் தினமும் ஆடுகிறோம் என்றார்.

யார் ஆடினாலும் தெரபிஸ்டின் கண் மட்டும் பிள்ளையின் விரலை விட்டு அந்தண்டை இந்தண்டை போகாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

“சரி சிட்டு, எங்கே, எழுதிக் காட்டு பார்ப்போம்.”

சிட்டு எழுதினாள். எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறின, கீழே இறங்கின, ஒன்றன் மேல் ஒன்று போய் விழுந்தன. முதல் நாள் வந்தபோது எழுதிய அதே கோழிக்கிறுக்கல்.

தெரபிஸ்ட் பெருமூச்சு விட்டாள். “ஸ்கூல்ல இருந்து போன் பண்ணாங்க சார். மாசக் கடைசிக்குள்ள எழுத்து தேறலைன்னா, அடுத்த வருஷமும் இவளுக்கு இதே வகுப்புதானாம்.”

அப்பாவின் முகம் வாடிப்போனது. “ஐயோ, கூடப் படிக்கிறதெல்லாம் மேல போயிடுமே மேடம். இவ தாங்க மாட்டா. ஏதாவது பண்ணுங்க.”

“பண்ணலாம். ஆனா நீங்க கோவிச்சுக்கக் கூடாது. தப்பு உங்க மேலதான்.”

“என் மேலயா?”

“நீங்க வாட்ச் மெக்கானிக். கடுகுல பாதி இருக்கிற ஸ்க்ரூவையே இடுக்கியால எடுக்கிற கை. அந்தக் கைக்கு இந்தப் பாசிமணி வழுக்குதா? யார் காதுல பூ சுத்தறீங்க?”

அப்பா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாசம் புரியுது சார். ஆனா ஒவ்வொரு ஆட்டத்துலயும் நீங்க விட்டுக்கொடுத்தா, கஷ்டப்பட்டு ஜெயிக்கணும்னு அவளுக்கு எப்படித் தோணும்? செல்லம் கொடுத்தே கெடுக்கறீங்க. இனிமே நீங்க வெளியில உட்காருங்க. இவளை நான் தனியா பார்த்துக்கறேன்.”

“வேணாம்!” என்று கத்தினாள் சிட்டு. “அப்பா இங்கேயே இருக்கட்டும்.”

“பார்த்தீங்களா? இதைத்தான் சொன்னேன்.”

அப்பா மெதுவாக எழுந்தார். “அக்கா சொல்றதைக் கேளும்மா. உனக்கு நல்லதுன்னா அப்பா வெளியிலயே இருக்கேன்” என்று மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதுதான் தாமதம், சிட்டுவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தெரபிஸ்டுக்கும் மனசு கேட்கவில்லை. பாவம், சின்னப் பிள்ளை. ஆனால் ஒரு வருஷப் படிப்பு வீணாவதற்கு இந்த அழுகை எவ்வளவோ மேல் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

“அழுதா வேலைக்கு ஆகாது சிட்டு. எடு பென்சிலை.”

“நான் நல்லா எழுதினா அப்பாவை உள்ளே விடுவீங்களா?”

“முதல்ல எழுது. அப்புறம் பேரம் பேசு.”

சிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள். விரல் நுனியில் அது பாந்தமாக உட்கார்ந்தது. ஒரு வரி எழுதினாள். அடுத்த வரியும் எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தாக, கோட்டின்மேல் பிசகாமல் வந்து நின்றது. தெரபிஸ்ட் நோட்டை இழுத்துப் பார்த்தாள்.

“அடிப்பாவி! எப்போ இருந்துடி இப்படி எழுத வருது?”

“ரொம்ப நாளாவே வருது.”

“அப்புறம் எதுக்குக் கிறுக்கிக்கிட்டு இருந்தே? ஸ்கூல்ல அதே வகுப்புல உட்கார வெச்சிடுவாங்கன்னு தெரியும்தானே?”

“தெரியும்” என்றாள் சிட்டு, தலையைக் குனிந்துகொண்டு. “ஆனா எழுத்து சரியாயிடுச்சுன்னா, இனிமே வர வேண்டாம்னு சொல்லிடுவீங்க.”

“சொன்னா சந்தோஷம்தானே? வீட்டுல நிம்மதியா விளையாடலாமே.”

சிட்டு கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அப்பா விட்டுக்கொடுக்கல அக்கா. பைக்ல இருந்து விழுந்ததுல அவருக்கு விரலே மடங்காம போச்சு, கடையும் திறக்கறதில்ல. இங்கே ஆட ஆரம்பிச்ச அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா மடங்குது. அவருக்குன்னு கூப்பிட்டா எந்த டாக்டர்கிட்டயும் வர மாட்டாரு, எனக்குன்னாதான் வருவாரு.”