சொந்தச் சரக்கு

கழிவறை ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிடலாமா என்றுகூடப் பார்த்துவிட்டான் கிட்டார்காரன். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தார்கள்.

கதவு இடிபட்டது. "என்னடா, உள்ளேயே குடியிருக்கப் போறியா? இன்னும் ரெண்டு குழு முடிஞ்சா நாமதான்!" டிரம்ஸ்காரனின் குரல்.

"வயித்தக் கலக்குதுடா."

"மேடைப் பயமா? உனக்கா?" வெளியே சிரிப்புச் சத்தம்.

மேடையைக் கண்டு அவன் பயப்படவில்லை. மேடைக்கு எதிரே, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேசையில் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணைக் கண்டுதான் பயந்தான்.

அது சொந்தப் பாட்டுக்காரர்களுக்கான மேடை. சினிமாப் பாட்டு கூடாது, அடுத்தவர் பாட்டு கூடாது, குழுவுக்குப் பத்தே நிமிடம். ஜெயிக்கிற குழுவின் பாட்டை அமைப்பாளர்களே ஒலிப்பதிவு செய்து வெளியிடுவார்கள். 'வரியும் மெட்டும் என்னுடையவை' என்ற தாளில் கிட்டார்காரன் கை நடுங்காமல் கையெழுத்துப் போட்டிருந்தான்.

பாட்டு அவனுடையது இல்லை. கல்லூரி விடுதியில் கூடத் தங்கியிருந்த நண்பனுடையது. 'புலவன்' என்றால்தான் அவனை எல்லோருக்கும் தெரியும். விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலில் படுத்தபடி அந்தப் பாட்டைப் பாடுவான். மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு லாரி அவன் கதையை முடித்துவிட்டது.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் ஒத்திகையில் சும்மா முணுமுணுத்தபோது, "அட, யாரோட பாட்டுடா இது?" என்று டிரம்ஸ்காரன் கேட்டான். "என்னோடது" என்று நாக்கு முந்திக்கொண்டது. அவ்வளவுதான். சொன்ன வாயை மூடுவதற்குள் அது குழுவின் பாட்டாகிவிட்டது.

இன்று மதியம் ஒலி சரிபார்க்க மேடையேறி நாலு வரி பாடியிருப்பான். மிக்ஸர் மேசையிலிருந்து குரல் வந்தது. "தம்பி, 'கரையே'ன்னு முடிச்சதும் ஒரு மூச்சு விடணும். அதை விழுங்கிட்டுப் போகாத."

நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தை அவன் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான், புலவனின் உடலைக் கிடத்தியிருந்த அன்று, தலைமாட்டில். புலவனின் அக்கா.

வீட்டில் தம்பி பாடிக் கேட்டிருப்பாள். வேறு எப்படித் தெரியும்? ஆனால் அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. "அடுத்து டிரம்ஸ் குடுங்க" என்று குமிழைத் திருகப் போய்விட்டாள். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

கழிவறையை விட்டு வெளியே வந்ததும் மெல்லக் கேட்டுப் பார்த்தான். "வேற பாட்டு பாடுவோமாடா?"

"விளையாடுறியா? வரியெல்லாம் நடுவர் கையில இருக்கு. லீவுக்கு மேனேஜர் கால்ல விழாத குறை. எங்கம்மா வேற முன்வரிசையில உக்காந்திருக்காங்க!"

முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. அதற்குள் குழுவின் பெயரை அறிவித்தார்கள். டிரம்ஸ்காரன் முதுகில் கை வைத்துத் தள்ளாத குறையாக அவனை மேடையேற்றினான்.

விளக்கு வெளிச்சத்தில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. மிக்ஸர் மேசையில் ஒரு சின்ன விளக்கும், அதன் மேல் ஒரு முகமும் மட்டும் தெரிந்தன. அந்த முகம் இமைக்காமல் காத்திருந்தது.

மைக்கைப் பிடித்தான். "இந்தப் பாட்டு என்னோடது இல்லை" என்றான். "வரி, மெட்டு எல்லாமே என் நண்பன் புலவனோடது. அவன் இப்ப இல்லை. நான் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்."

அரங்கில் சலசலப்பு. பின்னால் ஒரு டிரம்ஸ் குச்சி தரையில் உருண்டது. கிட்டார்காரன் கண்ணை மூடிக்கொண்டு, தன்னந்தனியாகப் பாட ஆரம்பித்தான். மைக்கை யாரும் அணைக்கவில்லை. பாட்டு முடிந்தபோது கைத்தட்டல் கூரையை முட்டியது.

கீழே இறங்கியதும் அமைப்பாளர் தோளைத் தட்டினார். "உன் நேர்மை பெரிசுதான்ப்பா. ஆனா உங்க குழுவைப் பட்டியல்லேர்ந்து எடுத்தாச்சு." டிரம்ஸ்காரன் அவன் முகத்தைப் பார்க்காமலே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியேறினான்.

கூட்டம் கலைந்த பிறகு, கிட்டார்காரன் மிக்ஸர் மேசைக்கு வந்தான். அக்கா முழங்கையில் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிருங்கக்கா. மதியமே கண்டுபிடிச்சிட்டீங்க. ஆனாலும் என்னைக் காட்டிக் குடுக்கல."

"நல்லாத்தான் பாடின."

"ஆறு மாசமா நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருந்துச்சுக்கா. நாலு பேர் அறிய அவன் பேரைச் சொன்னதும்தான் மூச்சே வந்துச்சு."

வயர் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"அவனும் ஒருநாள் இப்படி என் பேரைச் சொல்லுவான்னு கடைசிவரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன், தம்பி."