சனிக்கிழமை எதிராளி

மாசி பிறந்தது. சுவா தோட்டத்து ரப்பர் மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து, துறவு பூண்டாற்போல் மௌனமாய் நின்றன.

தோட்டத் தொழிலாளி பஞ்சாலை, மாயமிருகச் சீட்டாட்டத்தின் டிராகன் சீட்டைத் தன் வீட்டு மேசையில் இறக்கினாள்.

"போச்சு! எட்டே மாசத்துல கத்துக்கிட்டு என்னையே தோக்கடிக்கிறீங்களே லா, அம்மா!" என்றான் எதிரே இருந்த பக்கத்து வீட்டு முகுந்தன்.

"பால் மரம் சீவுறப்பகூட இந்த டிராகன் நெனப்புதான். சிரம்பான்ல நடக்கிற சீட்டுப் போட்டிக்குப் பேர் குடுத்துட்டேன், தெரியுமா?"

அவன் சிரிப்பு அணைந்தது. "நீங்க போங்கம்மா. எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கல."

பஞ்சாலை சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். எட்டு மாதங்களுக்கு முன், உண்ணாமல் அறைக்குள் அடைந்து கிடந்த இவனை வெளியே அழைக்கவே, இந்த ஆட்டத்தைக் கற்றுத்தரச் சொல்லி இவன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அன்று அவள் கொண்டுசென்ற சீட்டுக்கட்டு, அவள் மகன் கவியரசனுடையது. சனிதோறும் முகுந்தனோடு ஆடியவன். முகுந்தன் ஓட்டிய மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தவன்.

"அப்புறம் எனக்கு எதிர்ல யாருய்யா உட்காருவா?"

முகுந்தன் தலைகுனிந்து அழுதான்.

அவள் டிராகன் சீட்டை மகனின் படத்தடியில் வைத்துக் கைகூப்பினாள். அங்கிருந்த திருநீற்றை எடுத்து முகுந்தன் நெற்றியில் இட்டாள்.

"என் புள்ள வயசையும் சேத்து, நீ நூறு வருசம் நல்லா இருக்கணும்யா."