இரவுப்பணிக்குப் பச்சை விளக்கு

காலை ஆறு மணி. குடிநீர் வாரிய வாசலில், நான் எழுதிய வருகைப்பதிவு மென்பொருள் ஓடும் கைரேகைப் பெட்டியின் முன்னால் நகத்தைக் கடித்தபடி நிற்கிறேன். நள்ளிரவில் தேதி மாறும் என்பதையே மறந்து எழுதித் தொலைத்திருக்கிறேன். அதனால் ஒரு வாரமாக, விடிய விடிய பம்ப் ஓட்டியவர்களையெல்லாம் அது சிவப்பு காட்டி 'வரவில்லை' என்கிறது; வீட்டுக்கும் மெசேஜ் அனுப்புகிறது. நேற்றுதான் திருத்தினேன். "இன்னிக்கும் செவப்பு வந்துச்சு, பெட்டியத் தூக்கிட்டு கெளம்பிடு தம்பி," என்கிறார் மேற்பார்வையாளர் அக்கா. பம்ப் ஆபரேட்டர் அண்ணன் ஈரக் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துவிட்டு வைக்கிறார். திரையில் வட்டம் சுற்றுகிறது. பீப். பச்சை. 'இரவுப்பணி, எட்டு மணி நேரம்.' "அப்பாடா!" அக்காவும் நானும் ஒரே மூச்சில் சொல்கிறோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "இதுவும் எங்க வீட்டம்மா போனுக்குப் போயிருக்குமா?" "போயிருக்கும்ண்ணே." "ஒரு வாரமா ராத்திரி எங்க போறேன்னு கேட்டு உயிர எடுக்கறா. நேத்து வாசல்லயே ஒக்கார வெச்சுட்டா." அவர் போன் அடிக்கிறது. காதில் வைத்துக் கேட்கிறார். தோள் மெல்ல இறங்குகிறது. எங்கள் பக்கம் திரும்பி, பல் தெரியச் சொல்கிறார்: "கதவத் தொறந்து வெச்சிருக்காளாம்!"