மேடைக்கு மேலே

பாதிப் பேச்சில் பேச்சாளர் அம்மா நிறுத்தினார்.

"மீதியை வெளியே மரத்தடியில பேசிக்கலாம். கடைசி வரிசை முதல்ல எழுந்திருங்க. மெதுவா. நாற்காலியை இழுக்காதீங்க."

பொறியாளர் சங்கத்தின் மாதக் கூட்டம் அது. கட்டட விரிசல்களைப் பற்றிக் கேட்க மாணவர்களும் மூத்த பொறியாளர்களுமாக அரங்கம் நிறைந்திருந்தது.

"மேடம், வெளியே வெயில் மண்டையைப் பிளக்குது. இங்கே ஏசி போட்டிருக்கேன்," என்றார் செயலாளர்.

"அடுத்த வரிசை," என்றார் அவர், சிரித்த முகம் மாறாமல்.

"ஸ்கூல் டீச்சர் தோத்தாங்க போ," என்று ஒரு மாணவி கிசுகிசுத்தாள்.

எல்லோரும் வெளியேறியதும் அவர் விளக்குகளை அணைத்து, வெளியே வந்து வாசல் கதவைச் சாத்தினார். செயலாளர் அவர் அருகில் வந்தார்.

"என்னாச்சு மேடம்?"

"மேடைக்கு மேல கூரையைத் தாங்குற பீம்ல ஒரு விரிசல் இருக்கு. செய்முறை காட்டலாம்னு காலையில அதுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினேன். பீம் அசைஞ்சாத்தான் அது உடையும். நான் பேசிக்கிட்டிருக்கும்போதே உடைஞ்சிடுச்சு. அங்கேயே சொல்லியிருந்தா வாசல்ல மிதிபட்டே செத்திருப்பாங்க."

"ஐயோ, பீம் அசையுதா!" செயலாளர் அலறிவிட்டார்.

மரத்தடியில் நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரும் ஓடவில்லை.

"எந்த பீம்?" என்றது ஒரு குரல்.

"விரிசல் நேரா, சாய்வா?" என்றது இன்னொன்று.

"உள்ளே போகாதீங்க!" பேச்சாளர் அம்மா வாசலில் கைகளை விரித்து நின்றார்.

பக்கவாட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

ஜன்னல் வழியே அவர் பார்த்தபோது, இருண்ட மேடையில் செல்போன் விளக்குகள் ஒவ்வொன்றாக அண்ணாந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில் சிமெண்ட் தூள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.