ஒண்ணுகூட உதிரலை

தலையணைக்கடியில் போன் அதிர்ந்ததும் எழுந்து, சத்தமில்லாமல் தாழ்ப்பாளை நீக்கிப் பின்பக்கத் தோட்டத்தில் இறங்கினேன். கையில் என் டூல்ஸ் பை.

விடிந்தும் விடியாத நேரம். வேலி எது, கொடி எது, பனி எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு பால் நிறம். பூசணிப் பூக்கள் மட்டும் அங்கங்கே மஞ்சளாகக் கண் விழித்துக்கொண்டிருந்தன.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே ஏற்றி இறக்குகிறவன். என் வீட்டில் மட்டும் தினமும் காலையில் திருடன்.

திருடுவது உதிர்ந்த பிஞ்சுகளை.

மனைவி எழுந்து வருவதற்குள் கொடிக்கு அடியில் தடவித் தடவிப் பொறுக்கி, ஸ்பேனர்களுக்கு நடுவே போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப் குப்பைத் தொட்டியில் கொட்டிவிடுவேன். ஒருநாள் மறந்துபோய் வேலைக்கே கொண்டுபோய்விட்டேன். "என்னப்பா, லிஃப்டுக்குள்ள காய்கறிக் கடை போடப் போறியா?" என்று கூட வேலை செய்பவன் கேலி செய்தான். நானும் சிரித்துவைத்தேன். அவனிடம் என்னத்தைச் சொல்வது?

குளிர் விட்ட வாரத்தில் அவள் விதை ஊன்றினாள். டாக்டர் 'ஆமாம்' என்று சொன்னதும் அதே வாரத்தில்தான். இதற்கு முன்பும் இரண்டு முறை அந்த 'ஆமாம்' எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டு முறையும் தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை யாரிடமும் மூச்சுவிடவில்லை, என் மாமியாரிடம்கூட. கொடியிடம் மட்டும் சொன்னாள்.

முளை மண்ணை முட்டிக்கொண்டு வந்த அன்று அவளுக்கு வாந்தி ஆரம்பித்தது. கொடி வேலியைப் பிடித்த வாரம் பசி திரும்பியது. தன் தொப்புளிலிருந்து ஒரு கொடி கிளம்பி ஜன்னல் வழியே போனதாகவும், போன இடமெல்லாம் பூத்ததாகவும் கனவு கண்டாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் உதறலோடு.

எங்கள் தெருப்பக்கம் தேனீ எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவுக்குள் மெல்ல ஒற்றியெடுப்பது என் வேலை. "மாப்பிள்ளை வீட்டுக்காரரே, மெதுவா" என்று ஜன்னலிலிருந்து கிண்டலடிப்பாள்.

முதல் பிஞ்சு உதிர்ந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். கோலிக்குண்டு அளவுதான் இருக்கும், நுனியில் வாடிய பூவோடு. பூசணி அப்படித்தான், வைத்துக்கொள்வதைவிட உதறுவதுதான் அதிகம். அவளுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன? அதைக் கைக்குள் மூடிக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. அந்த விரல்களைப் பிரித்து அதை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாளிலிருந்து நான் திருடன் ஆனேன்.

"ஏதாவது உதிர்ந்துச்சா?" என்று கண் விழித்ததும் கேட்பாள்.

"உன் கொடியா? ஒண்ணுகூட உதிரலை."

உடனே அவள் முகம் தெளிந்துவிடும். அதைப் பார்க்க நான் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வேன். எங்கள் இரண்டு பேரில் கல்நெஞ்சக்காரன் நான்தான். இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றுகூட அவள் எதிரில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத்தான் அழுதேன். வெளியே கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

இந்த வாரம் என்ன மாயமோ, பொய்க்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. தினமும் பை காலி.

இன்றும் முட்டி போட்டு ஒவ்வோர் இலையாக விலக்கிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வேலியோரம் தங்கிவிட்ட அந்த ஒரே காய் மட்டும் பனியில் நனைந்து, மழித்த தலை மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. தட்டிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. அவளுக்கும் நாங்கள் பயந்த மாதம் தாண்டிவிட்டது. அடேயப்பா, கொடிக்கும் பலம் வந்துவிட்டது, இனி எல்லாம் நல்லபடியாக முடியும் என்று தோன்றியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்றைக்கு அவள் கேட்பதற்கு முன் நானே எழுப்பிச் சொல்லிவிட வேண்டும் என்று உள்ளே ஓடினேன்.

அவள் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் வயிற்றின் மேல் விழுந்து மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

போர்வை விலகியிருந்தது.

பாதங்களில் மண். ஈர மண். குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து தேடியிருக்கிறாள். நைட்டியின் பின்பக்கமெல்லாம் நனைந்திருந்தது.

கன்னத்துக்குக் கீழே ஒரு கை. இறுக மூடியிருந்தது. விரலிடுக்கில் வாடிய மஞ்சள் இதழ் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

அப்படியே நின்றுவிட்டேன். ஏனோ குளியலறைக் குழாய் ஞாபகத்துக்கு வந்தது.

"ஏதாவது உதிர்ந்துச்சா?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஒண்ணுகூட உதிரலை."

"அதான் சொன்னேனே, நம்ம கொடி கெட்டின்னு."

சொல்லிவிட்டு, ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து, என் முகம் தெளிந்துவிட்டதா என்று பார்த்தாள்.

நான் தெளிந்த முகமாக வைத்துக்கொண்டேன். போர்வையை இழுத்து அவள் கால்களையும் அந்தக் கையையும் சேர்த்து மூடினேன். மண் ஒட்டினால் ஒட்டட்டும். இப்போதெல்லாம் துவைக்கிறவன் நான்தானே.