ஜெலுத்தோங்கில் அரமேயம்

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார். ரெண்டும் வேற வேற பாஷைதானா?"

தனலெட்சுமி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. யசோதரன் மடக்கு நாற்காலியில் சாய்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். பினாங்கின் ஜெலுத்தோங் வெயிலில் அவனுக்கு நாக்குத் தள்ளிப் போயிருந்தது. பக்கத்துப் பட்டறையில் வேறு எவனோ மோட்டோ பைக்கை உறுமவிட்டே உயிரை வாங்கினான்.

"வேற பாஷைதான்க்கா. ஒண்ணு எபிரேயம், இன்னொண்ணு அரமேயம். எழுத்து மட்டும் ஒண்ணு. மலாயையும் இங்கிலீஷையும் ஒரே ஏபிசிடியிலதானே எழுதுறோம், அந்த மாதிரி."

பட்டறைக்குப் பின்னால், நாலு சுவருக்குள் ஆறே ஆறு கல்லறைகள். நூறு வருஷத்துக்கு முன்னால் பாக்தாத்திலிருந்து பினாங்குக்கு வியாபாரம் செய்ய வந்த ஒரு யூதக் குடும்பத்தின் இடம் அது. வாரிசுகள் எல்லாரும் இப்போது லண்டனில். இங்கே கூட்டிப் பெருக்கி, புல் வெட்டி, வருஷத்துக்கு ஒரு முறை கற்களுக்கு வெள்ளை அடிப்பது தனலெட்சுமியின் வேலை. ஒரு வருஷமாக நோட்டும் கையுமாக வந்து அந்த எழுத்துகளைப் படியெடுப்பது யசோதரனின் வேலை.

பொழுதுபோகாமல் எடுத்துக்கொண்ட வேலை இல்லை அது. பக்கத்து ஊரான கெலுகோரில், பல்கலைக்கழகத்தில் அவன் பதினோரு வருஷமாக ஒப்பந்த விரிவுரையாளர். பண்டைய மொழிகள் பாடத்துக்கு மொத்தமே நாலு மாணவர்கள். அதில் இரண்டு பேர் வகுப்புக்கு வருவதே தூங்கத்தான். "புதுசா ஏதாவது கண்டுபிடிச்சு வெளியிடுங்க, இல்லேன்னா டிசம்பரோட முடிச்சுக்குவோம்" என்று டீன் பட்டென்று சொல்லிவிட்டார். நாற்பத்தாறு வயதில், எபிரேயத்தையும் அரமேயத்தையும் வைத்துக்கொண்டு யாரிடம் போய் வேலை கேட்பது? வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு.

"ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரிதான்" என்றான், அலுப்பை மறைத்துக்கொண்டு. "ரொட்டிக்கு எபிரேயத்துல 'லெஹெம்', அரமேயத்துல 'லஹ்மா'. ராஜாவுக்கு இங்கே 'மெலெக்', அங்கே 'மல்கா'."

"அவ்ளோ ஒட்டா? அப்ப கலந்துகூட எழுதலாம்லா?" அவள் குரலில் ஒரு தெம்பு வந்தது.

"பேச்சுல கலக்கலாம். கல்லறையில இப்படிக் கலக்க மாட்டாங்க. மகனுக்கு எபிரேயத்துல 'பென்', அரமேயத்துல 'பார்'. இந்தக் கல்லைப் பாருங்க. மேல சுத்தமான எபிரேயம், 'பென்' போட்டிருக்கு. கீழே வந்தா சுத்தமான அரமேயம், 'பார்' போட்டிருக்கு. அப்பாவுக்கு ஒரு பாஷை, தாத்தாவுக்கு ஒரு பாஷை. உலகத்துல வேற எங்கேயும் இப்படி நான் பார்த்ததில்லக்கா!"

"செதுக்குன ஆளு தப்புப் பண்ணியிருந்தா?"

"அடடே! நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். பக்கத்துக் கல்லைப் பாருங்க. அப்படியே தலைகீழ். மேல அரமேயம், கீழே எபிரேயம். ஒரு கல்லுன்னா தப்பு, ரெண்டு கல்லுன்னா அது வழக்கம். அந்தக் குடும்பம் வேணும்னேதான் மாத்தி மாத்தி எழுதியிருக்கு."

தனலெட்சுமியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவம், புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான் யசோதரன். புரியாவிட்டால் என்ன? இந்தப் பதினோரு வருஷத்தில் அவன் பாடத்தை இவ்வளவு அக்கறையாகக் கேட்டவர்கள் வேறு யார்?

"இதையெல்லாம் எழுதி அனுப்பிட்டீங்களா சார்?"

"அச்சே ஆயிடுச்சுக்கா. நேத்து டீனே கூப்பிட்டு, மூணு வருஷத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிக் குடுத்துட்டாரு. அடுத்த வெள்ளிக்கிழமை வெளிநாட்டுலேர்ந்து மூணு பேராசிரியருங்க இந்த ரெண்டு கல்லையும் பார்க்கவே பிளேன் ஏறி வர்றாங்க. அதுக்குத்தான் இன்னைக்கு மறுபடியும் அளவு எடுக்குறேன்."

சொல்லும்போதுகூட அவனால் துள்ள முடியவில்லை. அப்படி ஒரு களைப்பு. வீட்டுக்குப் போய் மூன்று நாள் அடித்துப்போட்டதுபோல் தூங்கினால் போதும் என்றிருந்தது. அப்புறம் சாவகாசமாகச் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

"அச்சாயிடுச்சா…" தனலெட்சுமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். அப்படியே புல்லில் குந்திவிட்டாள்.

"என்னக்கா, உடம்பு முடியலையா? தண்ணி வேணுமா?"

"வேணாம் சார். நீங்க கோவிச்சுக்கக் கூடாது. காலையில ரெண்டு பாஷைன்னு நீங்க சொன்னதும் என் வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். அவரு ஆடிப் போயிட்டாரு. லண்டன்காரங்களுக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்னுதான் இத்தனை நாளா யாருகிட்டயும் வாயைத் தொறக்கல. பெரிய ஆளுங்க வர்றதுக்குள்ள தானே வந்து சரி பண்ணிக் குடுத்துடுறேன்னு சொல்றாரு."

"அவரு என்னத்தைச் சரி பண்ணப் போறாரு?"

"ஆறு வருஷத்துக்கு முந்தி அடிச்ச காத்துல மரம் விழுந்து, ரெண்டு கல்லும் குறுக்கால ஒடஞ்சு போச்சு சார். அவருதான் சிமெண்டு வச்சு ஒட்டி வெள்ளை அடிச்சாரு. எந்த மேல்பாதிக்கு எந்தக் கீழ்ப்பாதின்னு பார்த்து ஒட்ட அவருக்கு இந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதே, சார்!"