அம்மா கை ஊறுகாய்

“ராஜாங்கம் அண்ணே, ஒண்ணு மதி ஊறுகாய் வையுங்க, இல்ல நம்ம சரக்கை வையுங்க. ரெண்டும் ஒரே கடையில வேணாம்.”

வேப்பூர் கடைக்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டு போனை வைத்தான் ஃபாயிஸ். துபாயிலிருந்து வந்து, அம்மாவின் ‘ரசியா ஊறுகாய்’ கம்பெனியில் உட்கார்ந்து இரண்டே மாதம்தான். அதற்குள் வியாபாரத்தில் புலியாகிவிட்டதாக நினைப்பு.

“ஏன்டா அந்தப் புள்ள பொழப்புல கை வைக்கிற?” சோறு போட்டபடியே கேட்டாள் ரசியா பேகம்.

“பின்ன என்னம்மா? நம்மகிட்ட எட்டு வருஷம் தொழில் கத்துக்கிட்டு, இதே விருத்தாசலத்துல எதிர்க் கம்பெனி போட்டிருக்கா அந்த மதிவதனி. நன்றி கெட்டவ!”

ரசியா பீங்கான் ஜாடியிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

தயிர்சோற்றோடு ஒரு வாய் வைத்ததும் அவன் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது.

“இதாம்மா ஊறுகா! துபாய் ரூம்ல நீங்க அனுப்புனதைத் தொட்டுக்கிட்டு, ‘எங்கம்மா கை’ன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்குவேன். அதே ருசி. இதெல்லாம் அவளுக்கு வருமா?”

இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ள ஜாடியை இழுத்தான். அதன் பின்னாலிருந்து ஒரு காலி பாட்டில் உருண்டது.

மதி ஊறுகாய்.

“என்னம்மா இது, நம்ம வூட்டுக்குள்ளயே! வெளிய தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க?”

“சிரிக்கட்டும். நீ இப்ப சப்புக்கொட்டித் தின்னியே, அது அவ போட்டது. துபாய்க்கு அனுப்புனதும் அவ போட்டதுதான். பாட்டில்ல பேரு மட்டுந்தான் என்னுது.”

பிசைந்த சோறு ஃபாயிஸ் கையிலேயே நின்றது.

“அப்படிப்பட்டவள ஏம்மா போக வுட்டீங்க?”

“நான்தான்டா போகச் சொன்னேன். அவளுக்கும் ஒரு பேரு இருக்குதுல்ல?”

போன் அடித்தது. ராஜாங்கம்தான்.

“தம்பி, மதி சரக்கைத் திருப்பி அனுப்பிடட்டுமா? உங்கள விட்டுட முடியாதே.”

ஃபாயிஸ் அம்மாவைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாம்ண்ணே. நம்ம பாட்டிலுக்குப் பக்கத்துலயே வையுங்க.”

ரசியாவின் கண் கலங்கிவிட்டது. ஜாடியை மகன் பக்கம் நகர்த்தினாள்.

“நல்லா போட்டுக்க. எட்டு வருஷமா அவ கைய எம் பேர்ல வித்தேன். இப்பதான்டா, அவ பேர்லயே வாங்கித் திங்கிறேன்.”